காயாத தரை

மே மாதக் கடைசியில் கபாசோவும் லோம்பேயும் புது வீட்டுக்குக் குடிவந்தார்கள். லுவான்ஷ்யா ஊர் முடிந்து, தார் சாலையும் முடிந்து, செம்மண் தடம் மட்டும் மிஞ்சுகிற இடத்தில் இருந்தது வீடு. மழை நின்று வெகுநாள் ஆகி, அந்த நாட்டின் குளிர்காலம் தொடங்கியிருந்தது. புல்லெல்லாம் வைக்கோலாகிக் கிடந்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை. அடித்திருந்த பிளாஸ்டிக் தாள் குளிர்காற்றில் புடைத்துப் புடைத்து அடங்கியது.

லாரியிலிருந்து கட்டில், தையல் மெஷின், பாத்திரம் எல்லாம் இறங்கின. கபாசோவின் மனைவி லோம்பே செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். நடு அறையில் நின்று பாதத்தைத் தேய்த்துப் பார்த்தாள்.

"ஜில்லுனு இருக்குங்க," என்றாள். பிறகு குரல் இறங்கியது. "என் தங்கச்சி பார்த்துப் பார்த்துக் குளிப்பாட்டின தரை."

கபாசோவின் கண் அவள் காலடியில் கிடந்த விரிசலில் நின்றுவிட்டது.

நகராட்சியில் அவன் கட்டட மேற்பார்வையாளன். விரிசல் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. மயிரிழையாக வலைபோலப் பின்னிக் கிடந்தால், வெயில் ஈரத்தை அவசரமாகக் குடித்துவிட்டது என்று அர்த்தம். கதவு மூலையில் கிளம்பி நேராக ஓடினால், கான்கிரீட் சுருங்கும்போது இடம்கொடுக்க வெட்டுக்கோடு போடாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு கரை தாழ்ந்திருந்தால் அடிமண்ணை ஒழுங்காக இடிக்கவில்லை. எந்த வீட்டுத் தரையைக் காட்டினாலும், யார் எங்கே சோம்பினார்கள் என்று சொல்லிவிடுவான்.

இது அவன் அறிந்த எந்த வகையிலும் சேரவில்லை. சுவரைத் தொடாமல் தரையின் நடுவில் தொடங்கி, நடுவிலேயே முடிந்தது. இரண்டு கரையும் ஒரே மட்டம். ஓர் ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம்.

குனிந்து விரலை வைத்தான். உள்ளே ஈரம்.

போன அக்டோபரில் போட்ட தரை அது. அந்த மாதத்து வெயிலில் கான்கிரீட் போடுவது பிழை என்று அவனுக்குத் தெரியும். மழைக்கு முன்னால் சுவர் எழும்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவனைப் பிடித்துத் தள்ளியது. புற்று மண்ணை நிரப்பித் தானே நின்று இடித்தான். தரை போட்டு முடிந்ததும் சாக்கைப் பரப்பி, காலையும் மாலையும் நனைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. லோம்பே சாவு வீட்டுக்காக மன்சா பக்கம் அம்மா ஊருக்குப் போயிருந்தாள். அங்கே போன் எடுக்காது. கொழுந்தியாள் கட்டோங்கோ, நான் இருக்கிறேன் என்று தானாகவே வந்தாள். சிமென்ட் மூட்டை வைத்திருந்த தகரக் கொட்டகையில் பாய் விரித்துக்கொண்டாள்.

வாய் ஓயாத பெண். "அத்தான், எங்கக்காவுக்கு ஒரு பிள்ளையக் கொடுக்கத் துப்பில்ல, தரைக்குத் தாலாட்டு பாட என்னை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டு, பக்கத்தில் நின்ற கொத்தனார்களையெல்லாம் சிரிக்க வைத்தாள். கபாசோவும் சிரித்தான். கொழுந்தியாளுக்கு அந்த உரிமை உண்டு.

சில நாள் கழித்து அவள் போன் செய்தாள். அப்போது அவன் வேறொரு கட்டடத்தில் சாரத்துக்கு அடியில் நின்றுகொண்டிருந்தான்.

"அத்தான், உடம்பு நெருப்பாக் கொதிக்குது. நிக்க முடியல. வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"காய்ச்சல் மாத்திரை போட்டுக்கோ தாயி. இந்த வாரம் மட்டும் தாண்டிடு. சாக்கு காஞ்சா தரை மொத்தமும் வெடிச்சிடும்."

அவள் பக்கமிருந்து பல் கிடுகிடுக்கிற ஒலி கேட்டது. "சரி அத்தான்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மறுபடி அழைத்தாள். அவன் போனைப் பார்த்தான். எடுக்கவில்லை.

மறுநாள் கல் இறக்க வந்த லாரிக்காரர்தான் அவளைக் கண்டார். நனைந்த சாக்கின்மேல், தரைக்கு நடுவில், குளிர்ச்சிக்காகக் கன்னத்தைக் கீழே ஒட்டிக்கொண்டு, உயிர் போய்க் கிடந்தாள். கூட்டம் கூடிய நேரத்தில் அவள் போனை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். போன் போனதைக் கேட்டபோது கபாசோவுக்கு முதலில் வந்தது நிம்மதி: அவள் தன்னை அழைத்தது இனி யாருக்கும் தெரியாது. அந்த நிம்மதியை அவனால் பிறகு மறக்கவே முடியவில்லை.

லோம்பேயிடம் அவன் சொன்னது ஒன்றுதான். காய்ச்சல் வந்தது யாருக்குமே தெரியாது, பாவம், அவள் சொல்லவே இல்லை.

குடிவந்த வாரமே விரிசலை உளியால் அகலப்படுத்தி, சிமென்ட் பால் ஊற்றி அடைத்தான். காலையில் பார்த்தால், அடைத்தது பாலாகவே இருந்தது. இறுகவில்லை. துடைத்து எடுத்துவிட்டு மறுபடி அடைத்தான். அதுவும் இறுகவில்லை. விரிசல் வளர்கிறதா என்று பார்க்க ஜிப்சம் பொட்டு ஒன்றைக் குறுக்கே வைத்தான். மற்ற இடத்தில் தேநீர் ஆறுவதற்குள் கல்லாகிவிடுகிற பொட்டு இங்கே வெண்ணெய் மாதிரி விரலில் ஒட்டியது.

அடியில் ஊற்று இருக்குமோ என்று வெளியே அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டிப் பார்த்தான். ஆழத்திலும் மண் மாவாக உதிர்ந்தது.

சத்தம் பொழுது சாய்கிற வேளையில் தொடங்கியது.

வாளியில் குவளை மோதும் ஒலி. தண்ணீர் வீசி இறைக்கும் ஒலி. கனத்த ஈரச் சாக்கு ஒன்று பொத்தென்று விழுந்து விரியும் ஒலி. பிறகு அந்த வாடை, நனைந்த சணலும் பச்சை சிமென்டும் கலந்து, அடுப்பில் வெந்துகொண்டிருந்த ந்ஷிமாக் களியின் மணத்தையே அமுக்கிக்கொண்டு வரும்.

"நீங்களா தண்ணி ஊத்துனீங்க?" என்று சமையலறையிலிருந்து லோம்பே கேட்டாள்.

"இல்ல."

அவள் எட்டிப் பார்த்தாள். நடு அறை முழுக்க நனைந்திருந்தது. மூலை விடாமல், ஒழுங்காக, பழகிய கை நனைத்ததுபோல.

கபாசோ அந்த அறையின் நடுவில் கால் வைக்காமல் சுவரோரமாகவே நடக்கப் பழகினான். லோம்பே நேர்மாறாக இருந்தாள். தையல் மெஷினை விரிசலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பயமாக இல்லையா என்று அவன் கேட்டதற்கு, தங்கச்சிக்கு ஏன் பயப்பட வேண்டும் என்றாள். தைத்துக்கொண்டே அவள் மெதுவாக யாரிடமோ பேசுவதை அவன் வாசலில் நின்று கேட்டான். உள்ளே போகத் துணியவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் வேலையிலிருந்து திரும்பியபோது, மெஷின் சும்மா நின்றது. லோம்பே தரையில் குப்புறக் கிடந்தாள். கன்னம் சிமென்டில் ஒட்டியிருந்தது.

அவன் உள்ளே ஓடினான்.

"லோம்பே!"

"உஷ்." அவள் எழவில்லை. காதை விரிசலில் வைத்திருந்தாள். "பேசுறா. எத்தனையோ நாளா ஒரே வார்த்தையைத்தான் சொல்றா. என்னன்னு எனக்குப் புரியாம இருந்துச்சு. இன்னிக்குப் புரிஞ்சுடுச்சு."

"என்ன வார்த்தை?"

"அத்தான்."

பிளாஸ்டிக் தாள் ஒரு முறை புடைத்து அடங்கியது.

லோம்பே எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் சிமென்டின் சாம்பல் ஈரம். அவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "சாகுறப்ப அக்கான்னுதானே கூப்பிட்டிருக்கணும்? உங்களை ஏங்க கூப்பிடுறா?"

பொய் ஒன்று அவன் நாக்கு நுனிவரை வந்தது. காலுக்குக் கீழே தரை நனைவதை உணர்ந்தான். செருப்பைத் தாண்டி ஈரம் விரல்களுக்குள் ஏறியது. பொய் அங்கேயே நின்றுவிட்டது. முதல் அழைப்பைச் சொன்னான். தான் சொன்ன பதிலைச் சொன்னான். எடுக்காமல் விட்ட இரண்டாவது அழைப்பையும் சொன்னான். தரை வெடிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன் என்று சொன்னபோது, அந்தச் சொற்கள் அவன் காதுக்கே கூசின.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கன்னத்து ஈரத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம செத்துட்டாளேன்னு நான் அவ மேல கோவமா இருந்தேன்," என்றாள். "குழியில மண்ணு போடும்போதுகூட அவளத் திட்டிக்கிட்டுத்தான் போட்டேன். தெரியுமா உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியாது.

அன்றைக்கே துணி மூட்டையோடு மன்சா பஸ் ஏறினாள். பஸ் நிலையம்வரை அவன் கூடவே போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போது வருவாய் என்று கேட்கும் துணிவு அவனுக்கு வரவில்லை.

வீடு திரும்பியபோது நடு அறை காய்ந்திருந்தது.

சாயங்காலம் வந்தது. குவளைச் சத்தம் இல்லை. வாடை இல்லை. அடுத்த நாளும் இல்லை. விரிசலில் கடைசியாக ஊற்றிய சிமென்ட் பால் கல்லாக இறுகிக் கிடந்தது. நகத்தால் கீறினான், நகம்தான் தேய்ந்தது. சொல்லிவிட்டேன், அதைத்தான் கட்டோங்கோ கேட்டிருக்கிறாள், போய்விட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த நினைப்பில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலுக்காகவும் வெட்கப்பட்டான்.

ஜூன் குளிர் உச்சத்துக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகாமல், வெறும் அறையில் தரையில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டான். முதலில் சுகமாக இருந்தது. வெயில் பட்ட கல்லில் உட்கார்ந்ததுபோல இதமான சூடு.

அந்த அறைக்குள் வெயில் வருவதில்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்தான். சூடு ஏறிக்கொண்டே வந்தது. புதுக் கான்கிரீட் இறுகும்போது சூடாகும், அது அவனுக்குத் தெரியும். இது எட்டு மாதத் தரை. சூடு எல்லா இடத்திலும் இல்லை. ஓர் ஆள் நீளத்துக்கு, ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும். ஒரு முனையில் இன்னும் அதிகம். அங்கே புறங்கையை வைத்தபோது, எங்கே வைத்திருக்கிறோம் என்பது அவனுக்குப் புரிந்தது.

நெற்றி.

ஓடிப்போய்ச் சாக்கை எடுத்துவந்தான். வாளியில் முக்கிப் பிழிந்து விரித்தான். சாக்கிலிருந்து ஆவி எழுந்தது. மறுபடி நனைத்தான். மறுபடி. "வந்துட்டேன் தாயி, வந்துட்டேன்," என்று வாய் தானாக முணுமுணுத்தது. முழங்கால் தோல் உரிந்ததும், வாளி காலியாகிக் காலியாகிக் கிணற்றுக்கு ஓடியதும் அவனுக்கு நினைவில் நிற்கவில்லை. வெளிச்சம் மஞ்சளாகிறபோது சூடு விட்டது. சாக்கை விலக்கிப் பார்த்தான். தரையில் பொடிப் பொடியாக நீர்த்துளி அரும்பியிருந்தது. ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

வியர்த்துவிட்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது.

கபாசோ சுவரில் சாய்ந்து அழுதான். அவள் செத்த பிறகு அவன் அழுதது அப்போதுதான். அழுகை ஓய்ந்ததும் எழுந்து, சாக்கை மடித்து, தட்டை எடுக்கக் கை நீட்டினான்.

மலேரியாக் காய்ச்சல் ஒரு தடவை இறங்கியதோடு விடுவதில்லை; மறுபடி குளிர் நடுக்கத்தோடு வரும். அது அந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

எனாமல் தட்டு, அவன் தொடுவதற்கு முன்பே, தரையின்மேல் மெல்ல, பல் கிடுகிடுப்பதுபோல, நடுங்கத் தொடங்கியது.