வாலுவின் கடவுச்சொல்

வீட்டில் எல்லாரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

அன்று காலை அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, ஆபீஸ் வந்து பார்த்தா என் லேப்டாப் செத்துப்போச்சு!" அக்கா பதறினாள்.

அக்கா கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். அவளே தனியாக வரைந்த முதல் பள்ளிக்கூடத்தை இன்றைக்குத்தான் எல்லாருக்கும் காட்டப் போகிறாள்.

"அதான் தானா பேக்கப் ஆகும்னு சொன்னியேம்மா?"

"ஆகலையேப்பா! இங்க வேற கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்தா, என் கணக்குல பழைய வரைபடம்தான் இருக்கு. 'உங்கள் லேப்டாப் வேறொரு கணக்குக்கு மாற்றப்பட்டுள்ளது'ன்னு எரர் காட்டுது. யாருப்பா மாத்தினது?"

பக்கத்தில் நின்ற வாலு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

களிமண் பொம்மைகளை வைத்து அவள் எடுத்த வீடியோக்களைப் பத்திரப்படுத்த ஆசைப்பட்டு, போன வாரம் அந்த லேப்டாப்பில் அக்காவின் கணக்கிலிருந்து வெளியேறித் தன் பெயரில் ஒன்று தொடங்கியது அவள்தான். உடனே திரும்ப மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். சுத்தமாக மறந்துவிட்டாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அந்தக் கணக்கின் கடவுச்சொல் ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "டிக்கெட் எடுக்கத் திறந்தேன்ல, அப்போ நான்தான் எதையோ அழுத்தித் தொலைச்சிருப்பேன். என் புத்தியை என்ன சொல்ல! மன்னிச்சிடும்மா."

அப்பா மன்னிப்புக் கேட்கிறார்! அதுவும் இவள் செய்ததற்கு! வாலுவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்பா இல்லக்கா, நான்தான் மாத்தினேன். உன் வரைபடமெல்லாம் என் கணக்குலதான் இருக்கும்."

அக்கா படபடத்தாள். "பாஸ்வேர்டைச் சத்தமா சொல்லு. நானும் ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பெரிய சார் டைப் பண்றார்."

"ஐயோ, உன் காதுல மட்டும் சொல்றேனேக்கா..."

"மீட்டிங் தொடங்கப் போகுதுடி! என் மானத்தை வாங்காதே!"

'இப்போதான் வாங்கப் போறேன்' என்று நினைத்தபடி வாலு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அக்கா ஒரு குறட்டை அரக்கி. இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம."

அப்பாவின் கையிலிருந்த வெங்காயம் உருண்டோடியது.

"குறட்டை... அரக்கி..." கனமான குரல் ஒன்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே தட்டியது. "அவ்வளவுதானா பாப்பா, இன்னும் இருக்கா?"

"அவ்வளவுதான் சார்." அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

"திறந்திடுச்சு! என் பள்ளிக்கூடம் வந்திடுச்சு!" என்று அக்கா கத்தினாள். பின்னால் பலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாயங்காலம் அக்கா வந்தபோது வாலு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"வெளிய வாடி. ஆபீஸ்ல இப்போ எனக்குப் பேரே அரக்கிதான்."

"மன்னிச்சுக்கோக்கா." வாலுவுக்கு அழுகை வந்துவிட்டது. "உன் பள்ளிக்கூடம்?"

"எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. கட்டப் போறாங்க!"

"புது லேப்டாப் வந்ததும் முதல்ல உன் கணக்கைத்தான் போடுவேன். என் பாஸ்வேர்டையும் இப்பவே மாத்திடறேன்."

"அதை மட்டும் மாத்தாதே. இந்த ஜென்மத்துல எனக்கு மறக்காது."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்த அக்கா அப்படியே தூங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது.

வாலு மெதுவாகப் போய் மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.