பஞ்சு அடைக்காத கை

மத்தியானச் சோறு தின்று கைகழுவிவிட்டு வந்து பார்த்தபோது பொம்மையின் இடது கை நிறைந்திருந்தது. துஷ்யந்தி அதற்குள் இன்னும் பஞ்சு அடைக்கவில்லை. காலையில் அது வெறும் துணிக்குழாயாகத் தொங்கிக்கொண்டிருந்ததை அவளே பார்த்தாள். இப்போது முழங்கையில் லேசாக மடங்கி, மேசைமேல் பாரமாகக் கிடந்தது.

அடைத்துவிட்டு மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். மறதியெல்லாம் மற்றவர்களுக்கு வரும் வியாதி என்று அதுவரை நினைத்திருந்தவள்.

துஷ்யந்திக்கு இளப்பமாகத் தெரியாத மனிதர் வெள்ளவத்தையிலேயே கிடையாது. களிமண்ணில் தலையும் துணியில் உடலுமாக அவள் செய்யும் பொம்மைகளைக் கண்காட்சியில் ஆட்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அவளோ அந்தப் பிளந்த வாய்களை அடுத்த பொம்மைக்கு மாதிரியாக எடுத்துக்கொள்வாள். அவள் மனம்விட்டுக் கொஞ்சிய ஒரே ஆள் பத்து வயது மகள் ஆரணி. அவள் மட்டும் இல்லையென்றால் இந்த உலகத்தில் தனக்குப் பேச்சுத்துணைக்குத் தகுதியான ஒருவரும் இல்லை என்பது துஷ்யந்தியின் எண்ணம்.

செத்தவர்களின் உடுப்பில் பொம்மை கேட்டு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இன்னும் சிரிப்பு. போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து நவரத்தினம் என்றொரு முதியவர் வந்தார். பையில் மனைவியின் படமும், அந்த அம்மாள் கடைசிவரை உடுத்த மண்ணிறப் பூப்போட்ட நூல்சேலையும். அரை மணித்தியாலம் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். போகும்போது வாசலில் நின்று, "பிள்ளை, உடம்பு முழுக்க அவவின்ட சேலையிலதான் தைக்க வேணும். உயிரோட இருக்கிற ஆக்களின்ட துணி கலந்திடாதேங்கோ," என்றார்.

"ஓம் ஓம் அங்கிள்," என்றாள். கதவைச் சாத்திவிட்டு, அவர் மூக்குறிஞ்சியதை நடித்துக் காட்டி மகளைச் சிரிக்கவைத்தாள்.

சேலை நைந்த கந்தல். ஊசி ஏறிய இடமெல்லாம் கிழிந்தது. அதைத் துண்டுதுண்டாக்கிக் களிமண் பட்ட கையைத் துடைக்க வைத்துக்கொண்டாள். ஆரணி போன கிழமை வரை போட்ட சட்டை ஒன்று கிட்டத்தட்ட அதே நிறம், அதே மாதிரிப் பூ. அதை வெட்டி இந்தப் பொம்மையைத் தைத்துவிட்டாள். கிழடு கண்டுபிடிக்கவா போகிறது?

வெளியே மழை. கடலோரப் பாதையில் ரயில் போக, ஜன்னல் கண்ணாடியும் தூரிகைப் போத்தல்களும் கிடுகிடுத்து அடங்கின. காயாத களிமண்ணின் ஈர வாடைக்குள் இன்னொரு வாடை மெல்லக் கிளம்பியது: பேபி கொலோனும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் தலை வியர்வையும். ஆரணி வந்தவுடன் படுத்துவிட்டாள். "இடது கை விறைக்குதம்மா," என்று சொன்னவளை, "கணக்குச் செய்யச் சொன்னா உனக்குத் தலைமுடியும் விறைக்கும்," என்று கேலி செய்துதான் அறைக்குள் அனுப்பினாள்.

இடது கை.

துஷ்யந்தி பொம்மையைப் பார்த்தாள். தட்டையாகக் கிடந்த துணிக்காலின் நுனி உப்பியது. பிறகு கணுக்கால். பிறகு முழங்கால். உள்ளே யாரோ காலை நுழைத்து உடுத்துவதுபோல.

போனை எடுத்து நவரத்தினத்துக்கு அழைத்தாள். "அங்கிள், உயிரோட இருக்கிற ஆக்களின்ட துணி கலந்தா என்ன?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உடுத்தின ஆள் அதுக்குள்ள வந்து இருக்கும், பிள்ளை. அவ வந்து என்னோட இருக்கட்டும் எண்டுதானே செய்யச் சொன்னனான்." குரல் மாறியது. "யாரின்ட துணியைப் போட்டனீங்கள்?"

போன் கீழே விழுந்தது. ஓடினாள்.

ஆரணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவளது கை ஃபேன் காற்றில் படபடத்தது. எலும்பில்லை. சதையில்லை. துஷ்யந்தி அள்ளித் தூக்கினாள். பாரமே இல்லை. பிள்ளை அவள் முழங்கைமேல் இரண்டாக மடிந்து விழுந்தாள்.

வேலை அறையில் மேசை கிரீச்சிட்டது. பிள்ளையை ஏந்தியபடியே அங்கே ஓடினாள்.

பொம்மையின் முகத்தில் கண்குழியும் மூக்கின் மேடும்தான் பிடித்திருந்தாள். மூக்குத் துளைகள் போடவில்லை. வாய்க்கு இடம் மட்டும் விட்டிருந்தாள். அந்த வெறும் இடம் உள்ளிருந்து புடைத்தது. அடங்கியது. புடைத்தது. மூச்சுக்குத் தவிக்கிற வேகம்.

"ம்ம்... ம்மா..."

மகளின் குரல். களிமண்ணுக்குள்ளிருந்து.

மடிந்த பிள்ளையைக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தாள். களிமண் சூடாக இருந்தது. நுனி பட்டதும் கூசிச் சுருங்கியது. பட்ட இடத்தில் சிவப்பு ஊறியது.

"அசையாத, குஞ்சு," என்றாள் துஷ்யந்தி. "அம்மா கெதியா வாயை வெட்டிவிடுறன்."