வெறும் குச்சி

அவசரப் பிரிவுக்கு அவள் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வருவாள். முன்வாசலில் ஆம்புலன்ஸ்களும் அழுகையுமாக இருக்கும். பின்வாசலில் துவைத்த விரிப்புகளைச் சுமந்த தள்ளுவண்டிகள் மட்டும். அவள் கையில் ஒரு குளிர்பெட்டி, அதற்குள் மூடி போட்ட சின்னச் சின்னக் குழாய்கள், உறை பிரிக்காத பஞ்சுக் குச்சிகள். கட்டில் கம்பி, கதவுக் கைப்பிடி, தொலைபேசி என்று பலர் கைபடும் இடங்களைக் குச்சியால் தடவி எடுத்து, கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் குச்சியக்கா என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

"வந்துட்டாங்க. எல்லாரும் ஓரமா நில்லுங்க, நம்மளையும் தடவிடப் போறாங்க," என்றார் பெரிய சிஸ்டர், தலை நிமிராமல்.

"தடவுறதா இருந்தா உங்க நாக்கைத்தான் தடவணும் சிஸ்டர். ஆனா ஆய்வகம் தாங்காது."

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் நடைபாதையின் கோடிக்குப் போய்விட்டாள்.

கோடியில் இருந்தது மூலை அறை. கண்ணாடிக் கதவு, ஒற்றைக் கட்டில். காய்ச்சல் அலை அடித்தபோது தொற்று முற்றியவர்களைத் தனியாக வைத்திருந்த இடம். அலை ஓய்ந்து, கட்டில் காலியான பிறகு, அறையை ஒழுங்குபடுத்தப் போன நர்ஸ் ஒருத்தி அதே காய்ச்சலில் விழுந்தாள். பிறகு இன்னொருத்தி. அவள் இன்னும் மேல்மாடியில் செயற்கைச் சுவாசத்தில் கிடக்கிறாள். அறையைப் பூட்டிச் சாவியைக் குச்சியக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல், அதன் பிறகு திறக்கிறோம் என்றார்கள்.

கிருமியைத் துடைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மருந்துக் கரைசல் பட்டவுடனே அது செத்துவிடாது. அந்த இடம் சில நிமிடங்கள் ஈரமாகவே இருக்க வேண்டும். அவசரப்பட்டு உடனே உலரத் துடைத்தால் வெறும் தண்ணீர் தெளித்ததற்குச் சமம். அதனால் துப்புரவுக்காரர்கள் கவசம் போட்டுத் துடைக்கும்போது அவளும் கவசத்தோடு கூடவே நின்று, ஈரம் தானாகக் காய்வதைப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவாள். மறுநாள் காலை முதல் ஆளாகத் திறப்பாள். குச்சியைத் திரவத்தில் நனைத்து, உள்ளங்கை அகல இடத்தில் ஒருமுறை நெடுக்காக, ஒருமுறை குறுக்காக, உருட்டி உருட்டித் தடவுவாள். அந்த முனையை ஒடித்துக் குழாயில் போட்டு மூடுவாள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வெறும் குச்சி. படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் தன் சிறிய அறைக்கு வந்து, மேசையருகே உட்கார்ந்து, அதை உறையிலிருந்து எடுத்து, நனைத்து, காற்றில் சற்று நேரம் பிடித்திருப்பாள். எதையும் தொடவிடாமல் அப்படியே குழாயில் போடுவாள். எதையும் தொடாத குச்சியில் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கோளாறு நோயாளியிடம் இல்லை, கட்டிலிலும் இல்லை, எடுத்தவரிடம். வெறும் குச்சி சுத்தமாக வந்தால்தான் மற்றக் குச்சிகள் சொல்வதை நம்பலாம்.

அவளுடைய வெறும் குச்சி ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

மூலை அறையில் கிருமி இருந்த இடங்களிலெல்லாம் அவள் வட்டமான சிவப்பு ஸ்டிக்கர்களை ஒட்டி வைத்தாள், துடைப்பவர்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்று. தலையணையில் மூச்சு படும் இடம். இடது கம்பியில் கை பற்றும் இடம். ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டையின் உட்புறம். மெத்தையில் இடுப்பு, முழங்கால். எல்லாவற்றையும்விட அதிகமாக, அழைப்பு மணியின் பொத்தான். ஒட்டி முடித்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தாள்.

வட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால், யாரோ இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள்.

துடைத்தார்கள். காயவிட்டாள். பூட்டினாள். மறுநாளும் அதே இடங்கள்.

"செத்த கிருமியோட மிச்சமா இருக்கும்க்கா," என்றான் ஆய்வகத் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கிருமியின் சிதைந்த துணுக்கு கிடைத்தாலும் இந்தச் சோதனை 'உண்டு' என்றுதான் சொல்லும். அடுப்பில் சாம்பல் இருப்பதால் நெருப்பு இருக்கிறது என்று ஆகிவிடாது. நெருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி உண்டு. குச்சியில் வந்ததை உயிருள்ள செல்களின் மேல் விட்டுக் காத்திருக்க வேண்டும். செல்கள் சாகத் தொடங்கினால் கிருமிக்கு இன்னும் வீரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

சில நாள் கழித்து அவனே கூப்பிட்டான். குரலில் கேலி இல்லை.

"செல்லெல்லாம் செத்துப்போச்சுக்கா. இது பழசு இல்ல. இப்பத்தான் யாரோ இருமின மாதிரி இருக்கு. அந்த ரூம்ல யாரை வெச்சிருக்கீங்க?"

அன்று மதியம் உணவகத்தில் அவளுடைய அக்கா மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா இறந்ததிலிருந்து அவளை வளர்த்தது சித்திதான். வேலைக்குச் சேர்ந்ததும் விடுதிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு குச்சியக்காவின் வீட்டில் பேச்சுக் குரல் என்றால் ரேடியோவில் வருவதுதான்.

"சித்தி, மூலை ரூமைத் திறக்கப் போறாங்களாம். ஸ்ட்ரெச்சரெல்லாம் நடைபாதையில நிக்குது. முதல் ட்யூட்டி எனக்குத்தான்."

"முடியாதுன்னு சொல்லிடு குட்டி."

"நான் மாட்டேன்னா எனக்கு அடுத்து இருக்கிறவளைப் போடுவாங்க. அவளுக்குக் கைக்குழந்தை." அவள் சித்தியின் தட்டிலிருந்து ஒரு அப்பளத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நீங்க சுத்தம்னு சொன்னாத்தானே திறப்பாங்க? அப்புறம் எனக்கு என்ன பயம்?"

மறுநாள் ஸ்டிக்கர்கள் இடம் மாறின. தலையணை சுத்தம். மெத்தையின் ஓரத்தில், கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் கை ஊன்றும் இடத்தில், இரண்டு. அதற்கு மறுநாள் பக்கத்து முக்காலியில். அடுத்து, கதவின் உட்பக்கக் கைப்பிடியில்.

வைரஸ் ஒரு விசித்திரமான பிறவி. உடம்புக்கு வெளியே அதற்கு உயிர் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மூச்சு விடாது, தின்னாது. விழுந்த இடத்தில் கிடக்கும். அதற்குக் கால் இல்லை. கட்டிலிலிருந்து கதவுக்குத் தானாக ஒரு விரற்கடைகூட நகராது.

ஒரு கை அதைக் கொண்டுபோக வேண்டும்.

பெரிய சிஸ்டரைத் தனியாக மருந்து அறைக்குள் கூப்பிட்டாள். "அந்தக் கட்டில்ல கடைசியா இருந்தது யாரு?"

சிஸ்டரின் முகத்தில் விளையாட்டு வடிந்துவிட்டது. "ஒரு பெரியவர். கூட யாரும் வரல. பேரு கேட்டா இருமுவாரு. பெல்லை அழுத்திக்கிட்டே இருப்பாரு. உள்ள போகணும்னா அங்கி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டணும்ல? அவ்வளவும் மாட்டிக்கிட்டுப் போய் என்ன வேணும்னு கேட்டா, 'ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்'பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாள் பெல் நின்னுச்சு." அவர் மருந்துப் புட்டிகளை நேராக அடுக்கினார். "அப்பாடான்னு இருந்துச்சு எங்களுக்கு."

திறக்கக் குறித்திருந்த நாளுக்கு முந்தின காலை, குச்சியக்கா கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே பட்டப்பகல். கண்ணாடிக்கு அப்பால் ஸ்ட்ரெச்சர்கள் ஓடிக்கொண்டிருந்தன, சத்தம் மட்டும் உள்ளே வரவில்லை. மருந்து நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. வெகு நேரம் தலை வைத்துப் படுத்த தலையணையின் சூடான வாசனை.

கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு எரிந்தது.

அழைப்பு மணி அழுத்தினால் எரியும் விளக்கு அது. அறையைப் பூட்டியபோதே அதன் வயரைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். அவிழ்ந்த முனை சுவரோரம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

தொங்கும் வயரையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்தாள். முக்காலியை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன வேணும்?" குரல் முகமூடிக்குள்ளேயே நின்றுவிட்டது. மறுபடி கேட்டாள். "என்னங்க வேணும்?"

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"சும்மாதானா?"

விளக்கு அணைந்தது.

அவளுக்கு ஏனோ தன் வீடு நினைவுக்கு வந்தது. கேட்க ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோ. காற்று வராவிட்டாலும், சத்தத்துக்காகவே சுற்றவிடும் மின்விசிறி. வலது கையுறையைக் கழற்றினாள். எந்தப் பயிற்சியிலும் செய்யாதே என்று சொல்லித் தருவதைத்தான் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். வெறுங்கையை இடது கம்பியில், சிவப்பு ஸ்டிக்கர் இருந்த இடத்தில், வைத்தாள்.

கம்பி சில்லென்று இல்லை.

"நாளைக்கு இங்க ஒரு பொண்ணு வரும். அது நான் வளர்த்த பிள்ளை. அதை விட்டுடுங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "தனியா இருக்க முடியலைன்னா என்கூட வாங்க. என் வீட்லயும் யாருமில்ல."

நுரை மெத்தையிலிருந்து ஒருவர் எழுந்தால் பள்ளம் உடனே மறையாது. அமுங்கிய நுரை காற்றை உறிஞ்சி உறிஞ்சி மெல்லத்தான் மேலே வரும். கட்டிலின் ஓரத்தில், அவளுக்கு நேர் எதிரே, அப்படி ஒரு பள்ளம் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு, எல்லா இடத்திலும் குச்சி தடவி எடுத்தாள். படிக்கட்டுக்குக் கீழே வந்து, வழக்கம்போல வெறும் குச்சியைக் காற்றில் பிடித்தாள். அதையே கண்ணெடுக்காமல் பார்த்தாள். குச்சி எதையும் தொடவில்லை.

சாயங்காலம் ஆய்வகத் தம்பி கூப்பிட்டான். "அறை பளிச்சுன்னு இருக்குக்கா. கட்டில், கம்பி, பொத்தான், கதவு, ஒண்ணுலயும் இல்ல. ஆனா வெறும் குச்சி..."

"சொல்லு."

"அதுல இருக்கு. ஏராளமா. எதைத் தொட்டீங்க?"

அறையைத் திறப்பதைத் தள்ளிப்போட்டு எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். வேறு பெட்டிக் குச்சிகள், புதுக் குழாய்கள். கையுறையை இரண்டு அடுக்காக மாட்டிக்கொண்டாள். மூலை அறை மறுபடியும் சுத்தம். வெறும் குச்சியில் மறுபடியும் இருந்தது.

"கோளாறு உங்க ரூம்லதான்க்கா. நோயாளி யாராச்சும் வந்து உக்காந்தாங்களா?"

வேறொருவரை விட்டு வேறொரு மாடியில் வெறும் குச்சி பிடிக்கச் சொன்னார்கள். அது சுத்தமாக வந்தது. மூலை அறை திறந்தது. குச்சியக்காவுக்குச் சோதனை செய்தார்கள். காய்ச்சல் இல்லை, கிருமியும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நாள் வீட்டில் தனியாக இருக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

மாலை மங்கும் நேரம் அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. குரலில் களைப்பும் உற்சாகமும்.

"சித்தி, முதல் நாள் முடிஞ்சுது. ஒரு பிரச்சனையும் இல்ல. ரூம்ல ஒரு மாதிரி இருக்கும்னு பயமுறுத்தினாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. சாதாரண ரூம்."

"நல்லது குட்டி. வேளாவேளைக்குச் சாப்பிடு."

"நீங்க சாப்பிட்டீங்களா? என்ன சித்தி, இருமுறீங்க?"

"நான் இருமலையே."

"இல்ல, பக்கத்துல யாரோ." அவள் கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "ஆம்பளை இருமல். வயசானவரா? வீட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?"

குச்சியக்காவின் காதுக்கு மின்விசிறிச் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. அவள் எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தாள். அக்கா மகள் போனதிலிருந்து யாரும் உட்காராத நாற்காலி. அதன் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

"ஆமா," என்றாள்.

"அப்பாடா. நீங்க தனியா இருக்கீங்களேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். யாரு சித்தி? என்ன விஷயமா வந்திருக்காரு?"

அவள் எட்டி, நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"ஒண்ணுமில்ல குட்டி," என்றாள். "சும்மாதான் வந்தாராம்."