மூன்றாம் சமன்குறி

பங்குனி வெயில் தார் றோட்டை உருக்கிக்கொண்டிருந்த நண்பகலில், காற்றாடிகூடச் சுழலாத அந்த அறைக்குள் அருட்செல்வனுக்குக் குளிரில் பற்கள் கிட்டின. எங்கோ இரும்புக் கட்டிலொன்று நடுங்கும் சத்தம் கேட்டது. ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். திரையில் பச்சை எழுத்து: 4E2, 400. இரண்டும் ஒன்று.

ஆசுபத்திரிக்கு அவன் எழுதிக்கொடுத்த கணினி நிரலில், போன மாதமே அவன் திருத்திய பிழை அது. வலிகாமம் கிழக்கு நோயாளரின் இலக்கத்துக்கு நடுவில், கிழக்கென்று காட்ட, E போடுவது அங்கே வழக்கம். உரும்பிராய்க் கிழவி செல்வநாயகிக்கு 4E2, சாவகச்சேரிக்காரர் ஒருவருக்கு 400. ஒப்பிடும் வரியில் மூன்று சமன்குறி போட்டிருந்தால் கணினி எழுத்துக்கு எழுத்து பார்த்திருக்கும். அவன் சோம்பலில் இரண்டோடு விட்டான். கணினி 4E2 என்பதை நாலும் இரண்டு சைபருமாய் வாசித்து, நானூறென்று முடிவுகட்டி, அந்தாளின் இரத்த வகையை அவள் பெயரில் எழுதிவிட்டது. மாறின இரத்தம் ஏறி, கட்டில் அதிர நடுங்கியே அந்த மனுசி செத்தாள்.

அவன் சத்தமில்லாமல் மூன்றாம் குறியைப் போட்டான். தாதி மார்கிரட்தான் இரத்தக் குப்பியில் இலக்கத்தை மாற்றி ஒட்டினவள் என்று வாய் கூசாமல் சொன்னான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மார்கிரட்டுக்கு வேலை போயிற்று. இவனுக்குச் சோறு இறங்கத்தான் செய்தது.

இப்போது அந்த மூன்றாம் குறியைக் காணவில்லை. போட்டான். அழிந்தது. மறுபடி போட்டான். விரல் விறைத்தது. பிடரியில் ஈர மூச்சு.

"என்னையும் அந்தாளையும் ஒண்டெண்டு வைச்சனீ," என்றது கிழட்டுப் பெண்குரல். "சரி தம்பி. அப்ப நீயும் நானும் ஒண்டுதான்."

திரும்பினான். யாருமில்லை. திரையில் புது வரி. ஒரு பக்கம் 4E2. மறுபக்கம் அவன் பெயர். கீழே பச்சையில்: இரண்டும் ஒன்று.

முழங்கை எரிந்தது. ஊசி குத்திய நீலக் காயம். தோல் சுருங்கிய கை. அவனுடையதல்ல.

கதவு திறந்தது. அவன் மனைவி தாரிகா, சாப்பாட்டுப் பாசலோடு. அவனை உற்றுப் பார்த்தாள். இரக்கப்பட்டாள்.

"என்னம்மா, இப்பிடி நடுங்குறியள்? இவர் எங்கை?"

நான்தான் என்று கத்தப் பார்த்தான். நாக்கு அசையவில்லை.

"தாரிகா, வாரும். வீட்டை போவம்."

வாசலில் அவனுடைய சட்டை. அவனுடைய முகம். அது பாசலை வாங்கிக்கொண்டு அவள் தோளில் கைபோட்டது. போகும்போது ஒருதரம் திரும்பி, கதிரையில் நடுங்குகிறவளைப் பார்த்து, அவனுடைய வாயாலேயே மெல்லச் சிரித்தது.