கமலாட்சி விட்டுப்போன பாவு

மூணு மாசமாகத் தறியில் யாரும் தொடாத பாவு அது. ஆனால் நூல் நுனியெல்லாம் ஈரமாக இருந்தது.

வடிவு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். ஒழுகின தடமில்லை. ஓட்டு இடுக்கு வழியாக மாசி மாசத்து வெயில் பளிச்சென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"வீரபாகண்ணே, தண்ணி கிண்ணி தெளிச்சீங்களா?"

"நான் ஏம்மா தெளிக்கிறேன்? கமலாட்சி போனதுல இருந்து இந்தப் பக்கமே வரல." தறிக்காரர் வாசலில் நின்றே பதில் சொன்னார்.

பிள்ளையார்பாளையத்தில் முப்பது தறிக்குப் பாவு பிணைப்பவள் வடிவு. நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூல் தீரும்போது தறியில் ஒரு முழம் நூலை விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் அந்த நுனியோடு சேர்த்து, விரலை நாக்கில் தொட்டு, சாம்பலில் தொட்டு ஒரு திருகு. அப்படி நாலாயிரத்துச் சொச்சம் திருகு. நெய்தவள் செத்துப்போனால் மட்டும் அந்த நுனியை அறுத்து ஆற்றில் விட்டுவிட வேண்டும். அப்புறம் தறியைப் புதுசாகக் கோத்துக் கட்ட நாலு நாள் ஆகும்.

அந்த நாலு நாள் வடிவுக்கு இல்லை. பங்குனி எட்டாம் தேதி மகள் தையல்நாயகிக்குக் கல்யாணம். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கூறைப்புடவைக்குப் பாவு பிணைத்தவளின் மகள் இரவல் புடவையில் மணையில் உட்காருவதா? வேறு தறி எதுவும் காலியில்லை. "அறுக்க வேணாம்ணே, அப்படியே பிணைச்சிக்கிறேன்" என்று அவளாகத்தான் வீரபாகுவிடம் கேட்டு வாங்கினாள்.

விரலை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. அதற்கடியில் அழுகின வெற்றிலை மாதிரி ஒரு நாற்றம். கருமம்! யாருடைய நாற்றம் என்று தெருவுக்கே தெரியும். வீரபாகு பெண்சாதி கமலாட்சிக்கு வாயில் புண் வந்து, கன்னம் ஓட்டையாகி, சாகும் வாரம் வரைக்கும் அவள் அந்த வாயில் விரலைத் தொட்டுத் தொட்டுத்தான் அறுந்த இழையைத் திருகிக்கொண்டிருந்தாள். வடிவு துப்பிவிட்டு அடுத்த இழையை எடுத்தாள்.

நூறு இழை தாண்டியிருக்கும். தன் வாய் எதையோ முணுமுணுப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடி ஆத்தாடி, அந்தப் பாட்டு! எட்டு வயசில் நாடகக் கொட்டகையின் படுதா ஓட்டையில் கண்ணை வைத்துக் கேட்ட பாட்டு. மழையில் வெளியே நிற்கும் தங்கச்சி வேஷத்தில் சின்னஞ்சிறு கமலாட்சிதான் பாடினாள். கொட்டகையே அழுதது. "கதவைத் திற அக்கா, காலெல்லாம் ஈரம்." வடிவுக்கு நினைவில் தங்கினது அந்த ஒரு அடிதான். தையல்நாயகியைத் தொட்டிலில் போட்டு அதையே ஆயிரம் தடவை பாடியிருப்பாள். மீதியை ஒருநாள் கமலாட்சியிடமே கேட்டாள். "அது எதுக்குடி உனக்கு" என்று சிரித்தாளே தவிர சொல்லவில்லை.

இப்போது வந்தது. ஒரு இழைக்கு ஒரு சொல்லாக வந்தது. "வாசலிலே எத்தனை நாள், வாடுது என் தேகம்." சந்தோஷத்தில் வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்றத்தைக்கூட மறந்து வேகவேகமாகத் திருகினாள், இன்னும் உரக்கப் பாடினாள்.

"யாரும்மா உள்ளே பாடுறது?" வாசலிலிருந்து வீரபாகு கேட்டார்.

"நான்தாண்ணே."

"இல்ல. அது நீ இல்ல." செருப்புச் சத்தம் தெருவில் ஓடியது.

வடிவு மறுபடி பாடி, தன் குரலுக்கே காதைக் கொடுத்துக் கேட்டாள். சொல்லுக்குச் சொல் காற்று ஒழுகியது. கன்னம் ஓட்டையானவள் பேசுகிற மாதிரி.

வாயைப் பொத்தினாள். நாக்கில் ஏதோ ஒட்டியிருந்தது. இழுத்தாள். நூல். அரக்கு நிறப் பட்டு. இழுக்க இழுக்க வந்தது. கொழகொழவென்று. தொண்டைக்கடியிலிருந்து. அறுபடவில்லை. இன்னொரு நுனி தறியில் இருந்தது.

சீ. சீ. சீ.

"அம்மா, சோறு எடுத்துக்கினு வந்திருக்கேன்." வாசலில் தையல்நாயகி. "அட, தெருவிலேயே கேட்டுச்சு, என் தொட்டில் பாட்டு! மீதி அடி ஞாபகம் வந்துடுச்சாம்மா?"

வடிவு பல்லைக் கடித்தாள். தலையை ஆட்டினாள். போடி. போயிடு.

"ஏன் இப்படி முழிக்கிற? தள்ளிக்க, நானும் நாலு இழை பிணைக்கிறேன். என் புடவைதானே, சீக்கிரம் முடியட்டும்." பெண் எதிரே உட்கார்ந்து ஈர நுனியை எடுத்தாள்.

தொடாதேடி என்று கத்த வேண்டும். கத்த வாயைத் திறக்க வேண்டும்.

திறந்தாள்.

"வாய் திறந்து கூப்பிடக்கா, வந்திடுவேன் உள்ளே."

தையல்நாயகி சிரித்துக்கொண்டே இழையைத் திருகினாள். விரலை நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது. "தூ! என்னம்மா, இப்படி நாறுது?"

வடிவு கையை நீட்டினாள். எட்டவில்லை. தொண்டைக்குள்ளிருந்து நூல் அவளைத் தறியோடு இழுத்துப் பிடித்திருந்தது.

எதிரே மகள் மறுபடியும் விரலை நாக்கில் வைத்தாள். இந்தத் தடவை முகம் சுளிக்கவில்லை. கடைவாயில் அரக்கு நூல் நுனி ஒன்று ஈரமாக எட்டிப் பார்க்க, அவள் முதல் அடியிலிருந்து பாட ஆரம்பித்தாள். கன்னத்தில் காற்று ஒழுகியது.