ஒரு மணி ஏழாவது நிமிடம்

இப்போதெல்லாம் யார் கையிலும் எதுவும் இருப்பதில்லை. படம் பார்க்க வேண்டுமென்றால் போனைத் தடவுகிறார்கள். படம் எங்கோ வானத்தில் இருக்கிறதாம். மாதாமாதம் காசு கட்டினால் இறங்கி வருமாம். டிவிடி என்று வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள். புது லேப்டாப்பில் தட்டுப் போட இடமே இல்லை. நான்கு பக்கமும் வழவழவென்று, வாய் வைக்காத மூஞ்சி மாதிரி. சிரியாகோவுக்கு இந்தச் சனங்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

நாலு கடை ஏறி இறங்கிக் கடைசியில், ஜப்பான்காரர்கள் கழித்துப் போட்டதைக் கப்பலில் கொண்டுவந்து விற்கிற கடையில் ஒரு பழைய லேப்டாப் கிடைத்தது. செங்கல் கனம். பாட்டரி செத்தது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஆனால் பக்கவாட்டில் தட்டுப் போடும் வாய் இருந்தது.

அந்த வாய்தான் காலையிலிருந்து தானாகத் திறந்துகொண்டிருந்தது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. மூன்றாவது தடவை வெளியே நீட்டியபோது, தட்டு உட்காரும் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. சிரியாகோ விரலால் தொட்டு மோந்து பார்த்தார். வயல் சேற்று வாடை. "கழிசடைச் சாமான்" என்று சட்டையால் துடைத்துவிட்டு, உள்ளே தள்ளினார்.

பெரிய வெள்ளிக்கிழமை. டிவியில் ஒன்றும் கிடையாது. கோயில் ஒலிபெருக்கியில் இரண்டு நாளாக விடாமல் ஏசுவின் பாடுகளை ராகம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் லிகாயா ஊர்வலத்துக்குக் கிளம்பி, கருப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டே திரையில் வந்திருந்ததைப் படித்துச் சொன்னாள்.

"இது அமெரிக்கா டிவிடிப்பா. மிஷினு ஜப்பானு. நாட்டை மாத்தினாத்தான் ஓடும்ங்குது."

"மாத்து."

"அஞ்சு தடவைதான் மாத்த முடியுமாம். நாலு தடவை ஏற்கெனவே யாரோ மாத்தியாச்சு. பாக்கி ஒண்ணு. அதுக்கப்புறம் அப்படியே பூட்டிக்குமாம், திரும்ப வழியே இல்ல. திங்கக்கிழமை கடையில கேட்டுட்டுப் பண்ணுவோம்."

"நாப்பது வருஷம் பொறுத்தது போதாதா? இன்னும் திங்கக்கிழமை வேறயா?"

"மூணு மணி ஆகப்போகுது. ஆண்டவர் செத்த நேரத்துல படம் போடாதீங்க. காவல் இல்லாத நேரம்பாங்க."

"காவல் இருந்த நாள்ல மட்டும் என்னத்தக் கிழிச்சாரு? போடி, போய்ச் சிலுவையைத் தூக்கு."

லிகாயா வாசலில் நின்றாள். அம்மா செத்தபோது அவளுக்கு ஒரு வயது. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது, வெள்ளத்தில் போய்விட்டது. "அம்மா முகம் தெரியிற இடத்துல நிறுத்தி வைங்கப்பா. நான் வந்து பாக்குறேன்" என்றாள். பிறகு, "அன்னிக்கு நீங்க ஏம்ப்பா கூடப் போகல?"

"நான்தான் போகவே வேணாம்னேனே! கேட்டாளா? அந்த வெள்ளைக்காரனுங்கதான் அவளைச் சேத்துல போட்டுக் கொன்னானுங்க."

நாற்பது வருடமாக அதே பதில். அதே கோபம்.

நாற்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் யுத்தப் படம் எடுப்பவர்கள் ஏரிக்கரை வயலுக்கு வந்திறங்கினார்கள். கூலியும் பொட்டலச் சோறும் தந்து, ஊர்ச் சனங்களைப் பிணமாகப் படுக்க வைத்தார்கள். சிரியாகோவின் மனைவி பூரிங்கும் படுத்தாள். நீலப்பூப் பாவாடை, இடமிருந்து மூன்றாவது. ஒன்பதாம் நாள் காய்ச்சலில் நிஜமாகவே பிணமானாள். கலிபோர்னியாவிலிருக்கும் மைத்துனி தேடிப் பிடித்து அனுப்பிய டிவிடியின் உறையில், பேனாவால் எழுதியிருந்தாள்: ஒரு மணி ஏழாவது நிமிடம்.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி நின்றது. இரண்டு நாள் சத்தம் ஒரேயடியாக நின்றதும், தெருவே ஒரு கிணற்றுக்குள் இறங்கிவிட்டதுபோல இருந்தது. நாய் இல்லை, சேவல் இல்லை, தலைக்குமேல் மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று வெக்கையைக் கலக்கிக்கொண்டிருக்க, லேப்டாப்பின் வயிற்றுக்குள் தட்டு மெல்ல முனகிச் சுற்றத் தொடங்கியது. நாட்டை மாற்றவா என்று திரையில் கேள்வி நின்றது. சிரியாகோ அமுக்கினார்.

படம் வந்தது. என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை, தேவையுமில்லை. தள்ளித் தள்ளி ஒரு மணி ஏழுக்குக் கொண்டுவந்தார். ஹெலிகாப்டர் தாழப் பறந்தது, நெற்பயிர் சாய்ந்தது. சேற்றில் பதினோரு பிணங்கள். மூன்றாவது, நீலப்பூ. கன்னம் தண்ணீரில் பாதி முங்கியிருந்தது. இருபத்திரண்டு வயது. படம் சட்டென்று வேறு ஆளுக்குத் தாவிவிட்டது. எட்டு நொடி இருக்கும்.

பின்னால் நகர்த்தி மறுபடி போட்டார்.

இந்தத் தடவை அது தாவவில்லை. ஹெலிகாப்டர் போன பிறகும் வயல் நின்றது. பிணங்கள் எழுந்தன. சிரித்தன, சேற்றை வழித்தன, ஒருத்தி தலைமயிரைப் பிழிந்தாள். சோறு வாங்க ஓடினார்கள். பூரிங் மட்டும் எழவில்லை. பிறகு படம் தாவியது.

"வெட்டி ஒட்டுறதுல தப்புப் பண்ணிருக்கான்" என்று உரக்கச் சொன்னார். கேட்க யாருமில்லாத வீட்டில் அது அசட்டுத்தனமாக ஒலித்தது. விசிறிக் காற்றில் சேறு மணத்தது.

மூன்றாவது தடவை.

வயல் ஓரத்தில் கயிறு கட்டியிருந்தது தெரிந்தது. கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிற கூட்டம். நடுவில் ஒரு இளைஞன். ஜீப்னி வண்டி ஓட்டுகிறவன் போலத் தோளில் துண்டு, அந்தக் காலத்தில் சிரியாகோ போடுகிற மாதிரியே. கையில் பொட்டலச் சோறு. வாய் மென்றுகொண்டிருந்தது.

சிரியாகோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

சேற்றில் கிடந்தவள் தலையைத் தூக்கினாள். பல் கிட்டி நடுங்கியது. முதல் நாளே காய்ச்சல் வந்துவிட்டது அவளுக்கு. இரண்டாம் நாளும் படுத்தால்தான் இரண்டு நாள் கூலியும் என்றிருந்தார்கள். அவள் கயிற்றுப் பக்கம் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

இளைஞன் மெல்வதை நிறுத்தவில்லை. சோற்றுக் கையை ஆட்டினான்.

படு. படு.

அவள் தலையைத் தண்ணீரில் வைத்தாள்.

"பொய்!" சிரியாகோ கத்தினார். "எவனையோ வேஷம் போட்டு நிக்க வச்சிருக்கான்!"

லிகாயா வருவாள். நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் இதைப் பார்க்கக்கூடாது. பொத்தானை அமுக்கினார். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினார். விசிறி சுற்றியது. லேப்டாப்பும் ஓடியது. ஒயர் கையில் தொங்கியது.

திரையில் கூட்டம் கலைந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். வயல் காலி. அவள் மட்டும். பொழுது சாய்ந்தது.

அவள் எழுந்தாள்.

நேராக வந்தாள். ஒரு காலை இழுத்தாள். பாவாடையில் நீர் சொட்டியது. முகம் பெரிதானது. கண் மட்டும். கருப்பு மட்டும்.

தட்டின் வாய் திறந்தது.

உள்ளே டிவிடி இல்லை. குழி நிறையச் சேற்று நீர். மேசைமேல் வழிந்தது. ஒரு நெல்நாற்று மிதந்தது, பச்சையாக.

சிரியாகோ வாசலைப் பார்த்து நடந்தார். ஓடவில்லை. "சினிமாக்காரனுங்க செய்யாத தில்லுமுல்லா? எனக்குத் தெரியாதா?" செருப்பை மாட்டினார். இரண்டு தடவை தவறியது. வெயில் தெருவில் ஆளில்லை. தூரத்தில் ஊர்வலம், கருப்புத் துணிகள். லிகாயா அங்கேதான் இருப்பாள். அவளிடம் மிஷின் கெட்டுப்போச்சு என்று சொன்னால் போதும்.

முதுகில் ஈரம் பட்டது. ஐந்து விரல் அகலத்துக்கு. சில்லென்று.

வேர்வை என்றார்.

நடந்தார். காய்ந்த சிமெண்டுத் தெருவில் அவருடைய செருப்புச் சுவட்டை ஒட்டி, பக்கத்திலேயே, சின்ன வெறுங்கால்கள் சேறாகப் பதிந்துகொண்டே வந்தன. இடது கால் இழுத்தபடி. அவர் குனிந்து பார்க்கவில்லை. ஊர்வலத்தில் லிகாயா திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், வாய் திறந்தபடி, முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல.

"வேர்வைதான்" என்றார் சிரியாகோ, நடந்துகொண்டே.