நீலம் படாத திருகாணிகள்

சனிக்கிழமை விடிந்ததும் சமூகக் கூடத்தின் ஜன்னல் கம்பி தரையில் கிடந்ததை முதலில் பார்த்தவர் காவலாளி முனிசாமிதான். பார்த்தவர் மேலேயே பழியும் விழுந்தது.

புதுப்பட்டினத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி இருக்கிறது நெய்தல் நகர். அங்கே பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். நீண்ட விடுமுறை வந்தால் தலைகாட்டுவார்கள். காணாமல் போனது ஒரே ஒரு பொருள். நகர் முழுக்க மாட்டியிருந்த கேமராக்களின் படமெல்லாம் பதிவாகும் பெட்டி.

முனிசாமி ரெபேக்காளின் கதவைத் தட்டினபோது அவர் காலை உணவே சாப்பிடவில்லை. கணவர் ஏசுபாதம் காலமானதிலிருந்து அந்த வேளை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. தபால்காரரைத் தவிர அந்தக் கதவை யாரும் தட்டிப் பல மாதம் ஆகிறது.

"யம்மா, நீ வண்டி நசுங்கினத பாத்தே யாரு மேல தப்புன்னு சொல்லிடுவியாமே. அந்த ஜன்னல வந்து பாரும்மா. நாளிக்கி காலைல மீட்டிங்கு. அப்பால என்னிய போலீசாண்ட ஒப்படைக்கப் போறாங்களாம்."

மறைமலைநகரில் பணியிலிருந்த காலமெல்லாம் ரெபேக்காள் விபத்து வண்டிகளை மதிப்பிட்டவர். காப்பீட்டுக்காக உரிமையாளர்களே இடித்துக்கொண்ட வண்டிகளையும் நிறையப் பார்த்திருக்கிறார். இரும்பு பொய் சொல்லாது என்பது அவருடைய அனுபவம்.

"நீங்க எடுத்தீங்களா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியமா இல்லம்மா."

ரெபேக்காள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் அஸ்வத் கூடத்து வாசலில் நின்றிருந்தான். கணினி வேலையில் இருக்கும் இளைஞன். கேமரா வைக்கலாம் என்று யோசனை சொல்லி நடத்திக் காட்டியவன் அவன்தான்.

"ஆன்ட்டி, இதுல கண்டுபிடிக்க ஒண்ணுமே இல்ல. கேமரா வந்துட்டதால அடுத்த மாசத்தோட வாட்ச்மேன் வேண்டாம்னு முடிவு பண்ணோம். அந்தக் கோபத்துல எடுத்திருக்கான். ஸ்க்ரூடிரைவர் அவன் ரூம்லதான் இருந்துச்சு."

"அது எல்லாருக்கும் பொதுவா அங்கதானே இருக்கும்?"

"இருக்கும். ஆனா ராத்திரி வெளியில சுத்தறது அவன் ஒருத்தன்தானே?"

"கூடத்துச் சாவி?"

"என்கிட்ட மட்டும்தான்."

ரெபேக்காள் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். நகர் விழாவுக்காக வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியும் புது மைக்கும் நடுக்கூடத்தில் அப்படியே இருந்தன. பதிவுப் பெட்டி இருந்த பலகை ஜன்னலை ஒட்டினாற்போல இருந்தது. வெளியில் நின்று கையை நீட்டினாலே எட்டும். வெட்டிய ஒயர்கள் தொங்கின. உள்ளே தரையில் தூசி கலையவில்லை.

"உள்ள யாரும் இறங்கவே இல்ல," என்றார்.

கம்பிச் சட்டத்துக்கும் மரநிலைக்கும் முந்தின நாள்தான் நீல வண்ணம் அடித்திருந்தார்கள். விழா வந்தால் கூடத்துக்குப் பூச்சு நடப்பது வழக்கம். கீழே கிடந்த நான்கு திருகாணிகளையும் அஸ்வத் போலீசுக்குக் காட்ட ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தான். ரெபேக்காள் அவற்றை உள்ளங்கையில் கொட்டி, வெயிலில் நீட்டிப் பார்த்தார். பிறகு மரநிலையில் இருந்த துளைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். 

"பெயின்ட் நல்லா வந்திருக்கில்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ரெபேக்காளின் எதிர்வீட்டுத் தேசிகன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தனியாள். கையில் பெரிய பிளாஸ்க். "பெயின்டர் சுவத்தை முடிக்கவே சாயங்காலம் ஆயிடும்னான். ஜன்னல் பூரா நானே அடிச்சேன். கேமராதான் இல்லையே, இன்னிக்கி ராத்திரிலேர்ந்து பழையபடி நாமளே முறைவெச்சு ரோந்து ஆரம்பிக்கறோம், தெரியுமோ? டீ நம்ம ஆத்துல."

அவர் முகத்தில் அத்தனை மலர்ச்சி. திருட்டு நடந்த இடத்தில் அப்படி ஒரு முகத்தை ரெபேக்காள் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் முனிசாமியிடம் கேட்டார்: "பெயின்ட் அடிச்ச அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"வியாயன், வெள்ளி ரெண்டு நாளும் லீவும்மா. வூட்டுக்காரிய செங்கல்பட்டு ஆஸ்பத்திரில சேத்துட்டு, வெள்ளி பொழுது சாஞ்சப்புறம்தான் வந்தேன். அப்பவே பெயின்ட்டு காஞ்சிகினு இருந்திச்சி."

அன்றைக்கு ரெபேக்காள் நன்றாகச் சாப்பிட்டார். யோசிக்க ஒன்று கிடைத்துவிட்டது. கிடைத்தது யாருடைய துன்பம் என்று நினைத்தபோது சோறு கசந்தது.

ஞாயிறு காலை, கூட்டத்துக்கு முன்பே தேசிகன் வீட்டுக்குப் போனார். எதிர்வீடுதான் என்றாலும் உள்ளே நுழைவது அதுதான் முதல் தடவை. கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்கள் மேசை நிறைய இருந்தன. சுவரில் நாள்காட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

"உக்காருங்கோ. காபி கலக்கட்டுமா?"

"வேண்டாம் சார். நாலு திருகாணியில மூணுல துரு மட்டும்தான் இருந்துச்சு. ஒரு பொட்டு நீலம்கூட இல்ல. ஒண்ணுல மட்டும் தலை பூரா நீலம், அது மேல புதுக் கீறல். அந்த மூணு துளைக்குள்ள பெயின்ட் இறங்கிக் காஞ்சிருக்கு. நாலாவது துளை சுத்தமா இருக்கு."

தேசிகன் காபி கலக்க எடுத்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா பெயின்ட் அடிக்கறப்பவே மூணும் வெளியில இருந்திருக்கு. கம்பி ஒத்தைத் திருகாணியில நின்னிருக்கு. ராத்திரி கழட்டினது அந்த ஒண்ணைத்தான். மத்த மூணையும் அப்ப கூடவே கீழ போட்டிருக்காங்க. முனிசாமி அன்னைக்கு ஊர்லயே இல்ல. வெறும் துளையில பிரஷ்ஷை வெச்சவருக்கு அங்க திருகாணி இல்லன்னு தெரியாம இருக்காது. அடிச்சது நீங்க."

தேசிகன் மேசையோரம் உட்கார்ந்தார்.

"உப்புக்காத்துல இறுகிப் போயிருந்தது," என்றார் தேசிகன். "எண்ணெய் விட்டு, ஊறவெச்சு, பகல் பூரா ஆச்சு. ஜன்னல்கிட்ட ஸ்க்ரூடிரைவரோட நிக்கற கிழவனை ஒருத்தரும் என்னன்னு கேக்கலை." அவர் உள்ளே போய், துண்டில் சுற்றின பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "விக்கறதுக்கு எடுக்கலை."

"தெரியும் சார். விக்கறவன் ஒலிபெருக்கியை விட்டுட்டுப் போகமாட்டான்."

"ரோந்து இருந்தவரைக்கும் எல்லாரும் டீக்கு இங்கதான் வருவா. யார் பையனுக்குப் பரீட்சை, யாராத்து மோட்டார் ரிப்பேர், எல்லாம் எனக்குத் தெரியும். கேமரா வந்தது. மறுநாளே நின்னுபோச்சு. வழியில பார்த்தா கையை ஆட்டிட்டுப் போவா. அப்புறம் நான் வாய்விட்டுப் பேசினது சமையல் கேஸ் புக் பண்ற போன் மிஷினோடதான். ஒண்ணை அழுத்தவும், ரெண்டை அழுத்தவும்னு அது சொல்லும். சரிம்மான்னு பதில் சொல்லுவேன்."

"முனிசாமி மேல பழி விழுந்துச்சே சார்."

"விழும்னு நினைக்கலை. நேத்து ராத்திரி எல்லாரும் வந்தா. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். யாரோ ஜோக் சொன்னா, எல்லாரும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். சொல்லலை."

ரெபேக்காளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. "கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க," என்றார்.

சொன்னார். பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு, வகுப்பில் தப்பு செய்த பையன் போல நின்றார்.  ரெபேக்காள் திருகாணிகளைக் காட்டி விளக்கியபோது அஸ்வத் தலை நிமிரவில்லை. அவனே முனிசாமியிடம் மன்னிப்புக் கேட்டான். போலீஸ் வேண்டாம், முனிசாமி வேலையில் தொடரட்டும் என்று முடிவாயிற்று.

முனிசாமி தேசிகனைப் பார்த்தார்.

"ராத்திரி தனியாதான சார் சுத்திகினு கீறேன்? கூப்ட்டிருந்தா நானே வந்து குந்தியிருப்பேனே. நேத்திக்கி ஆஸ்பத்திரிக்கிப் போனேன். திருடன்னு பேர வாங்கிகினு அவ மூஞ்சிய பாக்க முடியல. சோத்த வெச்சிட்டு வந்துட்டேன்."

தேசிகன் கைகூப்பினார். முனிசாமி பதிலுக்குக் கும்பிடாமல் வெளியே போய்விட்டார்.

விழா மாலையில் நடந்தது. குழந்தைகள் ஆடினார்கள். ரோந்து நின்றது, கேமராக்கள் மறுபடி ஓடின. தேசிகன் வாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். அந்த மாதமே செங்கல்பட்டில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தார்.

கார் வந்த அன்று வழியனுப்ப வந்தவர் ரெபேக்காள் ஒருவர்தான். பையொன்றைத் தூக்கிக்கொண்டு கேட் வரை நடந்தார். தேசிகன் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினார். குரலில் குற்றச்சாட்டு இல்லை.

"ரொம்ப சரியாக் கண்டுபிடிச்சேள். ஆனா எதிராத்துலதானே இருந்தேள்? அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்திருக்கலாம்."

ரெபேக்காள் பையை ஜன்னல் வழியே அவரிடம் நீட்டினார். கார் கடற்கரைச் சாலையில் ஏறி, தெற்கே திரும்பி, மறைந்தது.

முனிசாமி கேட்டைச் சாத்திவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். ரெபேக்காள் வீட்டைப் பார்த்து இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து கேட்டருகே இருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரம்மாவுக்கு என்ன உடம்பு முனிசாமி?" என்று கேட்டார்.

முனிசாமி எழுந்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.